நான் ஊதிவிட்ட பெட்டிகள்

என் அன்புக் கணவருக்கு,

வணக்கம். இங்கே எல்லாரும் சௌக்கியம். மூன்று முறை போன் செய்தேன். "மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசு" என்று வைத்துவிட்டீர்கள். அதனால் கம்பெனி டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை, உங்கள் அலாரத்தைக் கம்பெனி தயாரிப்பதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் தயவுசெய்து படித்துவிடுங்கள்.

நம் பல்கலைக்கழக ஆய்வகத்தில் நேற்று உங்கள் கேஸ் கசிவு அலாரங்கள் பத்தையும் கடைசியாகச் சோதித்தேன். பல் பிடுங்கிய வாயில் பஞ்சை அடைத்திருந்தேன். கேஸைத் திறந்துவிட்டால், ஏழு பெட்டிகள் என்னைப் போலவே வாயைத் திறக்கவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது.

மத்தியானம் பஞ்சை எடுத்துவிட்டு, பழக்க தோஷத்தில் ஒவ்வொரு பெட்டியின் வலையிலும் தூசி போக ஊதினேன். மறுபடி கேஸைத் திறந்ததும் பத்தும் அலறின. அப்போதுதான் உறைத்தது. இரண்டு வருடமாக நான் செய்த ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் ஊதியிருக்கிறேன். என் மூச்சின் ஈரம் பட்டால்தான் அவை ஒழுங்காக வேலை செய்கின்றன. கம்பெனிக்குக் கொடுத்த செய்முறையில் அது ஒரு வரிகூட இல்லை. தூசி ஊதுவதையெல்லாம் யார் எழுதுவார்கள்?

உங்கள் தங்கை சமையலறையில் ஒன்றை நாமே மாட்டினோமே! "அண்ணன் செஞ்சது இருக்கு, எனக்கென்ன பயம்?" என்று ஜன்னலைச் சாத்திவிட்டுத் தூங்குகிறாளாம், கைக்குழந்தையோடு. அடித்துப் பிடித்து ஓடிப்போய்க் கழற்றிக்கொண்டு வந்தேன். எதற்கென்று கேட்டாள். சர்வீஸ் என்று புளுகிவிட்டேன். தொழிற்சாலையில் மாதம் ஐயாயிரம் செய்யப்போகிறார்கள். ஐயோ, எத்தனை வீட்டுக்கு ஓடுவேன்?

எட்டு வருடம் நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியாதா? "புத்தகத்தோட நிக்காம கடைக்கு வந்த கண்டுபிடிப்பு" என்று துணைவேந்தர் மேடையில் சொன்னபோது நானும்தான் அழுதேன். பழியை என் மேல் போடுங்கள். "என் பொண்டாட்டி ஊதிக் கெடுத்துட்டா" என்று எல்லார் முன்னாலும் சொல்லுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இன்று சோதனைப் பதிவேட்டைப் புரட்டினேன். போன வருடம் நான் அம்மாவைப் பார்க்கப் போன வாரம், நீங்கள்தான் தனியாகச் சோதனை செய்தீர்கள். அந்த வாரத்துப் பக்கங்கள் மட்டும் கிழிக்கப்பட்டிருக்கின்றன.

அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். இன்றும் இல்லை, என்றைக்கும் இல்லை, சத்தியமாக. கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு வந்துவிடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன், வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
இப்போதும் உங்களை நம்பும்
உங்கள் மனைவி