சர்க்கரை இல்லை என்று எழுதினேன்

6 அக்டோபர் 2003, திங்கள்

ஆமாம், நான்தான் எழுதினேன். யாரும் கேட்கவில்லை. ஆனாலும்.

காலையிலிருந்து தூறல். சேவூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, மின்கம்பத்தில் அந்த நோட்டீஸ். நனைந்து கம்பத்தோடு ஒட்டிப்போயிருக்கிறது. மை கரையவில்லை. பச்சை இதயம், அதன்மேல் ஒரு ஸ்டெதஸ்கோப், கீழே என் வரிகள்:

சர்க்கரைக்காரர்களுக்கு என்றே தயாரானது.
சர்க்கரை இல்லை.
காலை இரண்டு ஸ்பூன், மாலை இரண்டு ஸ்பூன்.

ஆடி மாதத்தில் நடந்தது. கல்யாணப் பத்திரிகை வராத மாதம், டி.டி.பி. சென்டரில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். சென்னையிலிருந்து ஓர் ஏஜெண்ட் வந்தார். டை. கையில் கஞ்சி மாவு டின். ஆங்கிலத்தில் இருந்த வாசகங்களைத் தமிழில் கேட்டார். சர்க்கரை தனியாகச் சேர்க்கப்படவில்லை, இது ஒன்று. தேனிலும் பேரீச்சையிலும் இயல்பாக உள்ள சர்க்கரை இதில் உண்டு, இது இரண்டு. இது மருந்துக்கு மாற்று அல்ல, இது மூன்று. அப்படியே எழுதினேன். பெட்டிக்குள் அடங்கவில்லை. எழுத்தைச் சின்னதாக்கினால் வயசானவர்களுக்குத் தெரியாது என்றார் தனசேகர் சார், சென்டர் முதலாளி. மூன்றாவது வரி ஆஸ்பத்திரி வாசனை அடிக்கிறது, எடுத்துவிடலாம் என்றார் ஏஜெண்ட். இரண்டாவது குழப்பும். முதலாவதை மட்டும் சுருக்கினால் போதுமாம்.

சுருக்கினேன். இரண்டு சொல். அழகாக உட்கார்ந்தது. அன்றைக்கு அதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. இங்கேயாவது அதை மறைக்காமல் இருக்கலாம்.

இன்று டீத்தூள் எடுக்கப் போனபோது எங்கள் வீட்டு அலமாரியில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில், அதே டின். பாதி காலி.

குடைக் கம்பி மாற்ற வேண்டும். பேனா மை. அம்மாவுக்குத் தைலம்.

தறி அறையில் ஏதோ நாற்றம். எலி செத்திருக்கும் என்கிறாள் அம்மா. பினாயில் ஊற்றியிருக்கிறாள்.

8 அக்டோபர், புதன்

வெயில். துணிகள் காய்ந்தன.

மருந்துக் கவர். போன மாதம் அப்பாவுக்காக நான் வாங்கிவந்தது. சாமி படத்துக்குப் பின்னால், பின் அடித்தது அடித்தபடி. பிரிக்கவே இல்லை.

கேட்டேன். அப்பா தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்திருந்தார். தீபாவளிக்குள் இறக்கியாக வேண்டிய அரக்குப் பட்டு. நூலோட்டும் நாடாவை நிறுத்தாமலே பதில்.

"அதெல்லாம் நிறுத்திட்டேன் பாப்பா. அதான் மாவு சாப்பிட்டுகினு கீறேன் இல்ல."

மாவு வேறு, மாத்திரை வேறு என்றேன்.

"சர்க்கரை இல்லைன்னு போட்டு கீறாங்க. நானாவா சொல்றேன்? காலைல ரெண்டு, சாய்ந்தரம் ரெண்டு. மாத்திரையும் அதே மாதிரிதான குடுத்தாங்க."

அப்போதுதான் உறைத்தது. இந்த ஊரில் அந்த நோய்க்கு வேறு பெயர் கிடையாது. அவருக்குச் சர்க்கரை இருக்கிறது. இவருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. ரத்தப் பரிசோதனை லேபில் சீட்டை நீட்டுகிற பெண் சிலரிடம் மட்டும் சிரித்துக்கொண்டே சொல்வாள், உங்களுக்குச் சர்க்கரை இல்லை. கேட்டவர்கள் கைகூப்பிவிட்டுப் போவார்கள். அப்பா அந்த வரியை மாவைப் பற்றிப் படிக்கவில்லை. தன்னைப் பற்றிப் படித்திருக்கிறார்.

மொழியியல் வகுப்பில் இப்படி எத்தனை உதாரணம். ஒரு வாக்கியம், இரண்டு பொருள். கரும்பலகையில் கிளை கிளையாக வரைவோம். ரொம்பச் சிரித்திருக்கிறோம்.

அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம், எழுதியது நான் என்று. சொல்லவில்லை. மாத்திரையையும் போடுங்கப்பா என்றேன். சரி என்றார். வீட்டுக்கு வந்தவர்களிடம் சொல்கிற சரி.

9 அக்டோபர், வியாழன்

தெருக் குழாயடி. தண்ணீர் ஒரு நூல்தான் வந்தது, பேச்சு நிறைய.

மல்லிகாக்காவின் மாமியார் முள்ளிப்பட்டில் இருக்கிறார். அவரும் அந்த மாவுதானாம். "ரெண்டு டின்னு முடிச்சிட்டாங்க. இப்ப ஜாங்கிரியே துண்றாங்க. கேட்டா, அதான் சர்க்கரை போய்ட்சே, உனக்கின்னாடீங்கறாங்க."

"உங்க மாமியாளுக்கு சர்க்கரை போவும், வாய் போவாது" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். நானும். குடம் நிறைந்து வழிந்தது, காலில் சில்லென்று பட்டபிறகுதான் தெரிந்தது.

எத்தனை நோட்டீஸ் அடித்தோம்? ஐயாயிரம். ஆரணி, சேவூர், பெரணமல்லூர் வரைக்கும் பையன்கள் சைக்கிளில் போய் ஒட்டினார்கள்.

பயப்படுகிறவை. அப்பாவின் கண். அப்பாவின் சிறுநீரகம். இரண்டு நாளாக அவர் செம்பு செம்பாகத் தண்ணீர் குடிப்பது. எனக்குத் தெரியாத ஒரு கிழவி ஜாங்கிரி சாப்பிடுவது. அப்பாவுக்குத் தெரிந்துபோவது. கடைசியில் எழுதியதுதான் முதலில் வருகிறது. வெட்கம்.

இன்றும் மாத்திரைக் கவர் பிரிக்கப்படவில்லை. நானே பிரித்து, ஒன்றை எடுத்துத் தட்டோரம் வைத்தேன். அப்பா சாப்பிட்டுக் கை கழுவிப் போனபின் பார்த்தால் அது அங்கேயேதான்.

10 அக்டோபர், வெள்ளி

தலைவலி. சென்டரில் கரண்ட் மூன்று முறை போனது.

ஏஜெண்ட் மறுபடி. தீபாவளி லட்டு. அதே பச்சை இதயம். மாவு பயங்கரமாக ஓடுகிறதாம், இந்தப் பக்கத்து ஜனங்கள் தங்கமானவர்களாம். ஒரு டப்பாவைத் திறந்து நீட்டினார். எடுத்துக்கொண்டேன். இனிப்பு. சாதாரண லட்டைவிடவே கொஞ்சம் கூட.

மருந்துக்கு மாற்று அல்ல என்று போட்டுவிடலாம் சார் என்றேன். தனசேகர் சாரைப் பார்த்துத்தான் சொன்னேன், ஏஜெண்டைப் பார்த்து அல்ல. குரல் எனக்கே கேட்கவில்லை.

"லட்டு நோட்டீஸ்ல மருந்து எங்கேர்ந்துமா வந்துச்சி" என்றார் சார். கோபமாக இல்லை. ஏஜெண்ட் சிரித்தார். "மேடம் ரொம்ப படிச்சிட்டாங்க."

வீட்டில் ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டார் என்று சொல்லவில்லை. சொன்னால் யார் என்று கேட்பார்கள். எழுந்து போயிருக்கலாம். உடம்பு சரியில்லை என்றாவது.

டைப் செய்தேன். 'இனி உங்களுக்கும் தீபாவளி.' அதன் கீழே பழைய இரண்டு சொல். பெட்டி கச்சிதமாக நிறைந்தது.

11 அக்டோபர், சனி

எலி இல்லை.

எழுத வரவில்லை. வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

நாற்றம் தாங்காமல் சாயந்தரம் அம்மா தறியை நிறுத்தச் சொன்னாள். அப்பா குழியிலிருந்து ஏறி, சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்தார். பேஜார் பண்றீங்க, நல்ல நேரத்துல, என்று முணுமுணுப்பு. அம்மாவும் நானும் குழிக்குள் டார்ச் அடித்தோம். மிதிகட்டை, நூல் துணுக்கு, மழை ஈரம், ஒரு பழைய பீடிக்கட்டுத் தாள். மூலை மூலையாகத் தேடினோம். எலி இல்லை. நாற்றமும் குறைந்திருந்தது. நான் நிமிர்ந்தேன். ஸ்டூல் பக்கம் அதிகமாக இருந்தது.

அம்மா டார்ச்சைக் குழியிலிருந்து எடுத்து, தரையோடு நகர்த்தி, அப்பாவின் காலுக்குத் திருப்பினாள்.

இடது கால். பெருவிரலுக்கு அடியில் ஓட்டை. ஓரம் வெள்ளை, நடுவில் கறுப்பு. மிதிகட்டையில் தூக்கியிருந்த சிராய் ஏறியிருக்க வேண்டும். என்றைக்கு ஏறியது, யாருக்குத் தெரியும். குழிக்குள் இருக்கிற காலை யார் பார்க்கிறார்கள்?

"வலிக்கலையா?" அம்மா.

"வலிச்சாத்தான சொல்லுவேன்." அவரே குனிந்து பார்த்தார். வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல. பிறகு என்னைப் பார்த்தார். நான் டார்ச்சை வாங்கி அணைத்தேன்.

12 அக்டோபர், ஞாயிறு

மேகமூட்டம். பாதிக் கடைகள் திறக்கவில்லை.

ஒரு கிளினிக் கிடைத்தது. காலில் சுற்றியிருந்த துணியைப் பிரித்ததும் டாக்டரின் முகம் மாறியது. மாத்திரை பற்றிக் கேட்டார். அப்பா மாவைப் பற்றிச் சொன்னார். கொஞ்சம் பெருமையாகக்கூட. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இந்த மாதத்தில் இப்படிச் சொல்கிற எத்தனையாவது ஆள் நீங்கள் என்று எனக்கே தெரியவில்லை என்றார். எவன் எழுதினான் அந்த நோட்டீஸை என்றார்.

சுவரில் கண் பரிசோதனை அட்டை. கடைசி வரி எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தேன்.

லேபில் சர்க்கரை நானூற்றுப் பன்னிரண்டு. சிரிக்கிற பெண் இன்று சிரிக்கவில்லை. நாளைக் காலையே வேலூர் ஆஸ்பத்திரி, தாமதிக்க வேண்டாம் என்றார் டாக்டர்.

பைக்குள்: லேப் சீட்டு, ரேஷன் கார்டு ஜெராக்ஸ், அப்பாவின் இரண்டு வேட்டி, போர்வை, பிளாஸ்க், பழைய மாத்திரைச் சீட்டு. பட்டு தறியிலேயே, ஒரு முழம் பாக்கியோடு. பட்டு முதலாளிக்கு ஆள் அனுப்பியாயிற்று.

அம்மா டின்னைத் தூக்கிக் குப்பையில் போட்டாள். பிறகு எடுத்து, மாவைக் கொட்டி, டின்னைக் கழுவிக் கவிழ்த்தாள். நல்ல டின் என்றாள்.

13 அக்டோபர், திங்கள்

வேலூர். வராந்தாவில் எழுதுகிறேன்.

காலை பஸ். ஜன்னலோரம் அப்பா, காலை என் மடியில் நீட்டச் சொன்னேன், மாட்டேன் என்றார், பொம்பளப் பிள்ள மேலயா. பைமேல் வைத்தோம். கண்ணமங்கலம் தாண்டியதும் மழை. ஷட்டரை இறக்கினார்கள். உள்ளே இருட்டு. இருட்டில் எளிது என்று நினைத்தேன்.

அப்பா, அந்த நோட்டீஸை எழுதினது நான், என்றேன்.

பஸ் ஒரு பாலத்தில் ஏறி இறங்கியது.

"தெரியும் பாப்பா" என்றார். "தனசேகரு அன்னிக்கே டீக்கடையில எல்லார் எதிர்லயும் சொன்னாரு, உங்க பொண்ணு எழுதனதுன்னு. அதனாலதான வாங்கனேன். அந்த டை கட்டனவன் சொல்லியா நான் மாத்திரைய நிறுத்துவேன்?"

பிறகு, "நீ படிச்சவ. விசாரிக்காம எழுதமாட்டன்னு கீது இல்ல."

குத்திக்காட்டவில்லை. விளக்கம் சொல்கிறார். அதுதான் பயமாக இருந்தது. ஒரு வாரமாக எதற்குப் பயந்தேனோ அது இது இல்லை. இது அதைவிடப் பெரியது, ஆடியிலிருந்து வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

அதில் இனிப்பு உண்டு, தேன் உண்டு, எனக்குத் தெரியும், தெரிந்தேதான் விட்டேன் என்றேன். முழுவதும் சொன்னேன், பெட்டி, எழுத்து அளவு, லட்டு எல்லாம். கேட்டுக்கொண்டே இருந்தார். வேலூர் வந்ததும் பையைத் தானே தூக்கப் பார்த்தார்.

மாலை. ஒரு ரூபாய் போனில் தனசேகர் சார். லட்டு நோட்டீஸை நிறுத்துங்கள் என்றேன். இந்த முறை குரல் கேட்டது. நேற்றே அடித்தாயிற்று, ஏஜெண்ட் வந்து எடுத்துப்போய்விட்டார் என்றார். அப்பாவுக்கு எப்படி இருக்கும்மா என்றார். பதில் சொல்வதற்குள் பீப் சத்தம், கையில் வேறு காசு இல்லை.

14 அக்டோபர், செவ்வாய்

வெயில். வார்டில் டெட்டால். பக்கத்துக் கட்டில்காரருக்கு முழங்காலுக்குக் கீழே கால் இல்லை. நன்றாகப் பேசுகிறார், கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிறார். அப்பா அவர் பக்கம் திரும்பாமல் படுத்திருக்கிறார்.

பதினொரு மணிக்கு டாக்டர். இடது காலில் இரண்டு விரல் எடுக்க வேண்டும். திறந்து பார்த்தபின்தான் மீதி தெரியும். விரலோடு நின்றால் தறியில் உட்காரலாமா என்று அப்பா கேட்டார். முதலில் இது ஆகட்டும் என்றார் டாக்டர்.

நர்ஸ் படிவம் கொண்டுவந்தார். தமிழில்தான், பொடி எழுத்து. நான் படித்துச் சொல்கிறேன் தாத்தா என்றார். அப்பா வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"என் பொண்ணு படிக்கட்டும்."

நர்ஸ் என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். தாளை என் பக்கம் தள்ளிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார், செய்தி கேட்கத் தயாராவதுபோல.

படித்தேன். பெயர், வயது, இடது கால். மயக்க மருந்தால் வரக்கூடியவை. ரத்தம் ஏற்ற நேரலாம். 'தேவைப்பட்டால் கணுக்கால்வரை அல்லது அதற்கு மேலும்' என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

"இன்னா, நின்னுட்ட? படி."

படித்தேன். மேலும் என்றால் எதுவரை என்றார். முழங்கால்வரைகூட இருக்கலாம் என்றேன். உயிருக்கு என்று ஒரு வரி இருந்தது, அதையும் படித்தேன்.

பேனா கேட்டார். முழுப் பெயரும் போட்டார், இனிஷியலோடு, மெதுவாக.

கீழே 'சாட்சி' என்று ஒரு கோடு இருந்தது. நர்ஸ் விரல் வைத்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன்.