பூத்துணி போர்த்திய மைக்ராஸ்கோப்

சித்தி,

மழை பிடித்துக்கொண்டது. கம்பளிகளை எடுக்க அம்மா இன்று டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். அந்துருண்டை வாசனை வீடெல்லாம் பரவியது. எனக்கு அது உங்கள் கல்லூரி ஸ்டாஃப் ரூம் வாசனை. வாசலுக்குப் போய் நின்றேன்.

பள்ளி விட்டதும் நேரே அங்கேதான் வருவேன். தாவரவியல் வகுப்பை முடித்து நீங்கள் வரும்வரை ஒரு மூலையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன். எதிரே கண்ணாடி அலமாரிக்குள், பூவேலை செய்த துணி போர்த்திய மைக்ராஸ்கோப். துணி மடிப்பில் அந்துருண்டைகள். அலமாரிச் சாவி பிரின்சிபாலம்மாவின் இடுப்பில். சீசனுக்கு மலையேறி வரும் டிரஸ்டிகளிடம் துணியை விலக்கிக் காட்டுவார்கள். அவர்கள் பார்த்துப் பாராட்டியதும் துணி மறுபடி ஏறிவிடும்.

"இந்த ஊரு பனிக்கு, எடுத்துப் புழங்காட்டி லென்ஸுல பூசணம் பிடிச்சிரும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள்.

அதைக் கையாளக் கற்றுத்தரும் பயிற்சி கோடைதோறும் மதுரையில் நடந்தது. கல்லூரிக்கு ஓர் இடம்தான். சீசனில் டிரஸ்டி பங்களாவின் டீ விருந்தில் நன்றாகப் பரிமாறியவருக்கு அது போகும். எம்.ஏ. படித்தவர்கள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கேக் தட்டை ஏந்தி நின்றதைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் போனதில்லை.

ஒருமுறை போய்வந்தவர் சரித்திர லெக்சரர். திரும்பி வந்தவர் கற்றதை மற்றவர்களுக்கு விளக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். அவர் சித்திரைத் திருவிழாவையும் சுங்குடிச் சேலை விலையையும் விளக்கினார்.

"லென்ஸை எப்படித் துடைக்கச் சொன்னாங்கக்கா?" என்று கேட்டீர்கள்.

"அந்தச் சோலியெல்லாம் பியூனுக்குடி. நீ பிஸ்கோத்து எடுத்துக்கோ."

எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். வராந்தாவுக்கு வந்ததும் அதே ஆட்கள் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "இங்க மேல கத்துக்கணும்னு ஆசைப்படுறதே தப்பும்மா. பேசாமக் கெட" என்று கிசுகிசுத்தார்கள். சிரிப்பைவிட எனக்கு அந்தக் கிசுகிசுப்புதான் அருவருப்பாக இருந்தது.

கடைசிக் கோடையில், இடம் உங்களுக்கே என்று பிரின்சிபாலம்மா தன் வாயால் சொன்னார். அன்றே பழைய மல் சேலையைக் கிழித்து, லென்ஸ் துடைக்கச் சின்னச் சதுரங்களாக வெட்டினீர்கள். "நான் வந்ததும் சோலையில போயி பாசி எடுத்துட்டு வருவோம். மொதல்ல நீதான்டி பாக்கப்போற."

கிளம்புவதற்கு முந்தின நாள் டிரஸ்டியின் மருமகளை லெக்சரர் ஆக்கி, மதுரை இடத்தை அவருக்குக் கொடுத்தார்கள். அவர் வகுப்பெடுத்து நான் பார்த்ததே இல்லை.

"நீ நம்ம வீட்டுப் புள்ள மாதிரி. இந்தத் தடவ விட்டுக்குடு, அடுத்த வருசம் நீதான்" என்றார் பிரின்சிபாலம்மா.

"அடுத்த வருசம் லென்ஸு இருக்காதுங்கம்மா."

அவ்வளவுதான் சொன்னீர்கள். மற்றவர்கள் டீக் கோப்பைக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார்கள்.

அடுத்த வருடம் நீங்களே இல்லை. ஐப்பசி மழையில் வந்த காய்ச்சல் நெஞ்சில் இறங்கிவிட்டது.

உங்கள் இரங்கல் கூட்டத்தை அந்த ஸ்டாஃப் ரூமில்தான் வைத்தார்கள். "ஆசிரியர்களின் முன்னேற்றமே எங்கள் மூச்சு. அவரையும் பயிற்சிக்கு அனுப்ப இருந்தோம்" என்று பிரின்சிபாலம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். சரித்திர லெக்சரர் தலையாட்டினார். எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு டீ வந்தது.

டிரஸ்டி வந்திருந்ததால் அலமாரி திறந்திருந்தது. நான் துணியைத் தூக்கிப் பார்த்தேன். லென்ஸின் குறுக்கே வெள்ளையாக, சிலந்தி இழைபோலப் பூசணம் ஓடியிருந்தது. நீங்கள் வெட்டிவைத்த மல் துணிச் சதுரங்களில் ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன், அதனால் துடைத்தேன். போகவில்லை. அழுத்தித் துடைத்தேன். அப்போதும் போகவில்லை.

"ஏய், தொடாத! பிரின்சிபாலம்மா வைவாங்க" என்றார் சரித்திர லெக்சரர், வாயில் கேக்கோடு.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் பி.யூ.சி.க்கு என்னை அங்கேயே சேர்க்க அம்மா நினைக்கிறாள். "சித்தி பேரச் சொன்னா உடனே சீட்டு குடுப்பாங்கடி" என்று இன்று கம்பளியை உதறிக்கொண்டே சொன்னாள். மாட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டாள். என் ஜியாமெட்ரி பெட்டியைத் திறந்து காட்டினேன். மிச்சமிருந்த சதுரங்கள் நீங்கள் மடித்த மடிப்பிலேயே இருந்தன. அம்மா ஒன்றை எடுத்துப் பார்த்தாள். மடிப்புக் கலையாமல் திரும்ப வைத்தாள்.

மதுரையில் சேருகிறேன், சித்தி. இவற்றையும் எடுத்துப் போகிறேன்.