குணமாகாத கைக்கு ஒரு பாடம்

4.3.1996
காலேஜில் சிகிச்சை உதவியாளர் வகுப்புக்குப் பாடத்திட்டம் எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். பதினாலு வருஷம் பிசியோதெரபி பார்த்தவளாம். வீட்டிலேயே ஒரு நோயாளி இருப்பது யாருக்கும் நினைவில்லை.

என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து ஒன்றரை வருஷம். நடக்கிறார். வலது கைதான் அப்படியே கிடக்கிறது. லூபோக் சீனா ஊருக்குப் பஸ் ஓட்டிய கை. சட்டைப் பொத்தானைப் போட்டுவிடும்போது சொன்னார்: "லைசன்ஸ் மே மாசம் முடியுது. ரினியூ பண்ணிடு. ஆகஸ்ட்ல வண்டி எடுத்துருவேன் லா."

"சரிங்க" என்றேன். வேறென்ன சொல்வது?

19.3
கூட வேலை பார்க்கும் ஷாமினி, நான் எழுதியதைப் புரட்டிப் பார்த்துக் கேட்டாள்: "அக்கா, எல்லாப் பாடமும் பேஷண்ட் குணமாகிப் போறதோட முடியுதே. குணமாகாத ஆளுக்கு எங்க பாடம்?"

வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டேன். பாவம், அவள் என்ன செய்வாள்.

2.4
எழுதிவிட்டேன். குணமாகாத நோயாளியிடம் உண்மையைச் சொல்வது எப்படி என்று ஒரு பாடம். 'சரியாயிடும்' என்று சொல்லக் கூடாது. சொன்ன பிறகு அவசரப்பட்டு ஆறுதலும் கூடாது. பேசாமல் கூட உட்கார்ந்திருக்க வேண்டும்.

சாயங்காலம் அவர் விரல்களை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தேன். "கொஞ்சம் அசையுதுல்ல?"

"அசையுதுங்க."

அசையவில்லை.

10.4
லைசன்ஸைப் பற்றி இன்றும் கேட்டார். நாளைக்குப் போகிறேன் என்றேன். பொய்க்காரி.

17.4
புதுப் பாடத்தை வகுப்பில் நடத்திப் பார்க்க ஒரு நோயாளி வேண்டியிருந்தது. அவரே வருகிறேன் என்றார். டிரைவர் சட்டைதான் போடுவேன் என்று பிடிவாதம்.

குருபோங்கிலிருந்து வரும் மாணவி பவானேஸ்வரி எதிரில் உட்கார்ந்தாள். ஏதாவது நடிப்பார் என்று நினைத்தேன். கேட்டாரே —

"ஆகஸ்ட்ல நான் பஸ் ஓட்டலாமாம்மா?"

அவள் ஒருமுறை என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"இல்ல அங்கிள். இந்தக் கை இனிமே அந்த அளவுக்கு வராது."

அப்புறம் பேசாமல் கூட உட்கார்ந்திருந்தாள். பாடத்தில் நான் எழுதியிருந்தபடியே. அவர் கண் கலங்கிவிட்டது. "சரிம்மா" என்றார். அவளுக்கு முழு மார்க் போட்டுவிட்டு, பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

திரும்பும்போது காரில் கேட்டார். "நல்லா சொல்லுச்சு அந்தப் பொண்ணு. நீ சொல்லிக்குடுத்ததா?"

"ஆமாங்க."

"அப்ப என்கிட்ட நீ ஏன் சொல்லல?"

வீடு வரும்வரை ரோட்டையே பார்த்து ஓட்டினேன்.

9.5
லைசன்ஸ் இன்றோடு முடிந்தது. இரண்டு பேருமே அதைப் பற்றிப் பேசவில்லை.

சாயங்காலம் வழக்கம்போல் வலது கையைப் பிடித்தேன். அதை மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இடது கையை என்னிடம் நீட்டினார்.

"இதுக்குச் சொல்லிக்குடு டீச்சர்."

சட்டைப் பொத்தானிலிருந்து ஆரம்பித்தோம். முதல் பொத்தானே நழுவிக்கொண்டு இருந்தது. நான் கை வைக்கவில்லை. பேசாமல் கூட உட்கார்ந்திருந்தேன்.