இடது காலில் பிழை இல்லை

அன்பு மகன் புவனேசனுக்கு அப்பா எழுதுவது,

செர்டாங்கில் நானும் அம்மாவும் நல்ல சுகம், டப்ளின் குளிரில் நீ இருமல் சளி இல்லாமல் இருக்கவேண்டும் என்று தினமும் முருகனைக் கேட்டுக்கொள்கிறோம். போனில் சொல்ல ஆரம்பித்தால் அம்மா பாதியிலேயே பிடுங்கிக்கொள்கிறாள், "சும்மா இருங்கலா, பெருமை அடிக்காதீங்க" என்கிறாள். பெருமை அடிக்கத்தான் எழுதுகிறேன், முழுசாகப் படி.

தையல் பேக்டரி வேலையை விட்டபிறகு நீ வைத்துவிட்டுப்போன கம்ப்யூட்டரில் அம்மா அனிமேஷன் பழகினாளே, இந்த வயதில் எதற்கு என்று நீகூடச் சிரித்தாய். எட்டு மாதம் ஒரே பொம்மையோடு மல்லுக்கட்டினாள். ஓர் ஆள் வாசலிலிருந்து நடந்துபோய் பஸ்ஸில் ஏறுகிறார், நாற்பது வினாடி, அவ்வளவுதான் படம். பட்டனைத் தட்டினால் பொம்மை தானாக நடக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று ஒவ்வொன்றையும் திருப்பி ஒரு நிலையில் நிறுத்திப் பதியவேண்டும், அதற்குக் கீஃப்ரேம் என்று பேர். கொஞ்சம் தள்ளி அடுத்த நிலை. நடுவில் உள்ளதை மட்டும்தான் கம்ப்யூட்டர் போட்டுக்கொள்ளும். முதலில் முழங்கை பின்பக்கமாக மடிந்தது, பாதம் சோப்புத் தண்ணீரில் வைத்ததுபோல் வழுக்கியது, கையும் காலும் ஒன்றாக அசைந்து ஒன்றாக நின்றன. அப்புறம் தோள் முதலில், முழங்கை சற்றுப் பிந்தி, விரல் கடைசியில் என்று மாற்றி மாற்றி வைத்தாள். ஆளுக்கு உயிர் வந்துவிட்டது.

ஆனால் அந்த ஆள் இடது காலை வைக்கும்போதெல்லாம் இடுப்பு இறங்கியது, வலது கை அகலமாக வீசியது. எனக்குச் சுருக்கென்றது. தோட்டத்தில் செம்பனைக் குலை விழுந்து என் இடது கால் குட்டையானதிலிருந்து நாலு பேர் முன்னால் நடக்க நான் கூசுவது உனக்குத் தெரியும். உனக்கு வேறு காலே கிடைக்கவில்லையா என்று அம்மாவிடம் கத்தினேன். "நல்லா நடக்கிறவங்கள யாரும் செய்வாங்க, இந்த நடை எனக்குத்தான் தெரியும்" என்றாள். இரண்டு நாள் அந்தக் கம்ப்யூட்டர் பக்கமே நான் போகவில்லை.

மாநிலப் போட்டிக்கு அனுப்பினாள். இடது காலில் கீஃப்ரேம் பிழை, வெள்ளிக்கிழமைக்குள் திருத்தி அனுப்பினால்தான் இறுதிச் சுற்று என்று பதில் வந்தது. திருத்திவிடு என்று நானே சொன்னேன். "சரியா இருக்கிறத எதுக்குத் திருத்தணும்?" என்று கம்ப்யூட்டரை அடைத்துவிட்டுச் சமைக்கப் போய்விட்டாள். எட்டு மாத உழைப்பு, என் வெட்கத்துக்குப் பயந்து அவள் காரணத்தைக்கூட அவர்களிடம் சொல்லவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. வியாழன் காலை சவரம் பண்ணி நல்ல சட்டை போட்டுக்கொண்டு, எதிர்வீட்டு சத்தியசீலனைக் காடியை ஓட்டிவரச் சொல்லி, அவளையும் ஏற்றிக்கொண்டு போட்டி ஆபீஸ் இருக்கிற அலோர் ஸ்டாருக்கே போய்விட்டேன்.

நடுவர் ஒரு மலாய்ப் பெண், சின்ன வயது. மரியாதையாகத்தான் சொன்னார், இடது கால் சாலா, தப்பு என்று. படத்தைப் போடுங்கள் என்றேன். போட்டார். திரைக்குப் பக்கத்திலேயே கதவிலிருந்து சுவர்வரைக்கும் நடந்தேன், திரும்பி வந்தேன், இன்னொரு தடவை நடந்தேன். எல்லாரும் பார்க்கட்டும் என்றே நடந்தேனப்பா. அவர் படத்தை மெதுவாக ஓட்டி, மற்ற நடுவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். இடுப்பு இறங்குவது, கை வீசுவது, ஒன்றுகூடப் பிசகவில்லை. எழுந்து நின்று அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார், உடம்பின் பாரத்தை எப்படி இவ்வளவு சரியாகக் கொண்டுவந்தீர்கள் என்று அவளிடமே பாடம் கேட்டார்.

இறுதிச் சுற்றில் எல்லாம் காலேஜ் பிள்ளைகள். பொம்மை கம்பியைப் பிடித்து பஸ் படியில் ஏறியதும் மண்டபமே கை தட்டியது. முதல் பரிசு உன் அம்மாவுக்குத்தான்! கோப்பையை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறுகையால் என்னையும் மேடைக்கு இழுத்தாள், போட்டோவில் நான் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறேன். பினாங்குக் கம்பெனி ஒன்று வேலையும் கொடுத்துவிட்டது, வீட்டிலிருந்தே பொம்மைகளுக்குக் கை கால் அசைக்கவேண்டும், அடுத்த மாதம் ஆரம்பம்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. நீ நீண்ட ஆயுளோடும் நிம்மதியோடும் இருக்க எங்கள் இருவரின் ஆசீர்வாதம். முக்கியமான விஷயம், அடுத்த படத்தில் ஓடுகிற ஆள் வருகிறானாம். நீ ஓடுவதைப் பக்கவாட்டில் வீடியோ எடுத்து அனுப்பு. பாதம் வெட்டுப்படாமல் எடுக்கவேண்டும், இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவேன் என்கிறாள் அனிமேட்டர்.

இப்படிக்கு,
உன் அப்பா
காளிதாசன்