டெக்சாஸ் டீசல்

அன்புள்ள லொரெய்ன்,

ஆபரேஷன் செய்த முட்டி மடங்குகிறதா? நான் சுகம். இங்கே பீட் கிழங்கு அறுவடை வேலையும் மும்முரம்.

சிரிக்க ஒரு சங்கதி. கிளம்பும் முன் நாம் குடியிருக்கும் வண்டிவீட்டுக்கு ஆயில், ஃபில்டர், கூலன்ட் எல்லாம் மாற்றினேன் அல்லவா? வெயிலுக்கான டெக்சாஸ் டீசலை மட்டும் டேங்க் நிறைய அப்படியே இந்தக் குளிர் டகோட்டாவுக்குக் கொண்டுவந்துவிட்டேன். முதல் உறைபனியிலேயே அது மெழுகாகி ஃபில்டரை அடைக்க, எஞ்சின் கிளம்பவில்லை.

"ஏம்ப்பா வெண்டெல், ரப்பர் செருப்பு மாட்டிக்கிட்டுப் பனியில நடக்க வந்தியா?" என்று பக்கத்து வண்டி ஆர்லிஸ் சிரித்தார். ஃபில்டரை மாற்ற அவர்தான் விளக்குப் பிடித்தார். உன்னைப் போல் இல்லை, வெளிச்சம் முழுக்க என் கண்ணில்தான். இப்போது குளிர்கால டீசல் ஊற்றியாயிற்று, வண்டி ஓடுகிறது.

என் கம்பளிக் காலுறைகளை அனுப்பு. எஞ்சின் சத்தம் மாறினால் பக்கத்து சீட்டிலிருந்து நீதானே முதலில் சொல்வாய்? ஞாயிறன்று போனை எஞ்சின் அருகே வைக்கிறேன், கேட்டுச் சொல். சத்தம் சரியாக இருந்தாலும் உடனே வைத்துவிடாதே.

ஷிஃப்டுக்குக் கூப்பிடுகிறார்கள்.

உன் வெண்டெல்