ஹவுசிப் பையும் விளக்குக்காரியும்

1998, ஜூலை 5, ஞாயிறு

காலையிலிருந்து மழை. பூனா லோக்கல் ரயிலில் தேஹு ரோடு. குடையை வண்டியிலேயே விட்டுவிட்டேன்.

மனோகர் (இனி ம.) வீடு. ராணுவ டிப்போவில் ஸ்டோர் கிளார்க். எட்டு வருடமாக ஞாயிறு மதியம் அங்கே ஒரு ஆட்டம், அவரே உண்டாக்கியது. செய்தியாகுமா என்று பார்க்கப் போனேன். டீ வருவதற்குள் நானும் ஓர் ஓடக்காரன் ஆகியிருந்தேன்.

ம. உப்பு மலை என்றொரு நாட்டைச் சொல்லிக்கொண்டே போகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். ஆபத்தான காரியம் என்றால் பையில் கை விட்டு ஓர் எண்ணை எடுக்க வேண்டும். அறுபதும் அதற்கு மேலும், பலிக்கும். கீழே, அடி. மூன்று அடி பட்டால் சாவு.

ஆடுபவர்கள்: சார்லஸ் (ரயில்வே, கோர்படி), வேட்டைக்காரன். ரவி (போசரியில் இன்ஜினியர்), கொல்லன். கமலா, முப்பத்தைந்து இருக்கும், விளக்குக்காரி. அவர் பேசினால் அறையில் எல்லோரும் முன்னால் சாய்கிறார்கள்.

விசித்திரம்: எடுத்த எண் பைக்குள் திரும்பிப் போவதில்லை. எண்களை அடுக்கும் பலகையில் அதன் குழியில் உட்கார்ந்துவிடுகிறது. பை காலியானாலோ ஒரு பாத்திரம் செத்தாலோதான் மறுபடி நிரப்புவது. ஆகவே இன்னும் எவ்வளவு அதிர்ஷ்டம் மிச்சம் என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். இப்படி ஒரு விதி எப்படித் தோன்றியது என்று கேட்டேன். ம. சிரித்தார். யாரோ வெளிநாட்டு ஆட்டம் ஒன்றின் விதிகளை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார்களாம். அதற்கு இருபது முகப் பகடை வேண்டும். பூனா முழுக்கத் தேடியும் இல்லை. வீட்டில் ஹவுசி (தம்போலா) ஆடும் பை இருந்தது, ஒன்று முதல் தொண்ணூறு வரை எண் வில்லைகளோடு.

“எடுத்ததைத் திரும்பப் போடணும்னு யாருக்குமே தோணல சார். ஹவுசியில எவன் திரும்பப் போடுவான்? ஒரு வருஷம் கழிச்சு ரவிதான் சொன்னான், தப்பா ஆடுறோம்னு. அதுக்குள்ள இது பழகிப்போச்சு.”

ஜூலை 7, செவ்வாய்

முனிசிபாலிடி கூட்டம். நடைபாதை, அதே நடைபாதை. பாதியில் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டு உப்பு மலைக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து நிருபர் எட்டிப் பார்த்து, எந்த வார்டு என்றார்.

வாங்க: குடை, பிளேடு, ரீஃபில்.

ம.வுக்குப் போன். இன்னொரு விதி தெரிந்தது. பாத்திரம் செத்தால் ஆடியவரும் எழுந்து போக வேண்டும், கதை முடியும்வரை. இந்தக் கதை தீபாவளிவரை ஓடும். இவ்வளவு கடுமை எதற்கு?

“செத்தவன் கூடவே உக்காந்து டீ குடிச்சா யாருக்குப் பயம் இருக்கும்?”

ஜூலை 12, ஞாயிறு

தூறல். ஷேர் ஆட்டோவில் கமலாவும் வந்தார். மாமியார் படுத்த படுக்கை, இரண்டு வருடமாக. ஆறு நாள் இவர். ஞாயிறு மதியம் மட்டும் கணவர் பார்த்துக்கொள்கிறார். “ஆட்டம் இருக்குன்னாதான் சார் வெளிய வர முடியும். சும்மா வந்துக்கினு இருந்தா, எங்க போறேன்னு கேள்வி வரும்.” விளக்குக்காரிக்கு ஏற்கெனவே இரண்டு அடி. அதைச் சொல்லிவிட்டுக் கமலா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆட்டம். குகைக்குள் வெளிச்சத்தைத் தின்னும் இருட்டு ஒன்று. சுற்றின் முடிவில் விளக்குக்காரி அதன் முன்னால் விளக்கைப் பிடித்தே ஆக வேண்டும். பையில் ஏழு எண்கள். 3, 9, 22, 31, 40, 58, 84. அறுபதுக்கு மேல் ஒன்றே ஒன்று.

சார்லஸ்தான் ஆரம்பித்தார். வேட்டைக்காரன் வேண்டுமென்றே வழுக்குப் பாறையில் ஏறுகிறானாம். “அரே, கெட்ட நம்பரை நாம காலி பண்ணுவோம். அக்காவுக்கு நல்லது மிஞ்சும்.” 22. முழங்கால் போயிற்று. சந்தோஷமாகப் பலகையில் வைத்தார்.

ரவி காகிதத்தில் ஏதோ போட்டுப் பார்த்தான். முதலில் எடுத்தாலும் கடைசியில் எடுத்தாலும் அக்காவுக்கு ஏழில் ஒன்றுதான், நாம் குறுக்கே எடுப்பதால் ஒன்றும் மாறாது என்றான். சொல்லிவிட்டு, கொல்லன் கொதிக்கும் இரும்பைத் தொடுகிறான் என்று அவனும் கை விட்டான். 9. கை வெந்தது.

என் முறை. எடுக்காமலும் விடலாம். கமலாவைப் பார்த்தேன்.

“எடுங்க சார். எல்லாரும் எடுத்தாங்கல்ல.”

ஓடத்தின் கயிற்றை இறுக்கிக் கட்டுகிறேன் என்றேன். ம. அதையும் ஆபத்து என்று ஒப்புக்கொண்டார்.

84.

எந்த வெள்ளத்திலும் அவிழாத முடிச்சு அது என்று ம. சொன்னார். சொல்ல வேண்டியிருந்ததால் சொன்னார். இனி எடுக்கவே வேண்டாம் என்றான் ரவி. கமலா எடுத்தார். 58. கேட்டதற்கு இரண்டு குறைவு, மூன்றாவது அடி. “பரவால்ல, கிட்ட வந்துட்டேன்” என்று டம்ளர்களை எடுத்துப்போய்க் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினார்.

ஜூலை 15, புதன்

வெயில், ஆச்சரியம். பல் டாக்டர். ம.வுடன் போன். எழுந்து போகும் விதியை ஒருமுறை தளர்த்தினால் என்ன என்றேன். அவருக்கும் இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லையாம். ஆனால் முன்பு செத்த இரண்டு பேர் எழுந்து போயிருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன பதில் சொல்வது? நியாயம்தான். நியாயமாக இருப்பது எரிச்சலாக இருந்தது.

ஜூலை 19, ஞாயிறு

கனமழை. ரயில் தாமதம். நான் போகும்போது கமலா ம. வீட்டு வாசலில், செருப்பைக் கழற்றாமல். ம. உள்ளே, எழுந்திருக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல். பை புதிதாக நிரம்பியிருந்தது.

“ஆடறவங்க செத்தாதானேண்ணா எழுந்து போகணும்? நடத்தறவங்களுக்கு ரூல் என்ன?”

ம. யோசித்தார். அப்படி ஒரு விதி இல்லை. நடத்துபவர் சாவதில்லை.

“அப்ப நான் நடத்தறேன். ஒரு ஊர் வச்சிருக்கேன்.”

யாரும் படுக்கக் கூடாத ஊராம். நின்றுகொண்டே தூங்குவார்கள். படுத்தவர்களைச் சுவருக்கு வெளியே விட்டுவிடுவார்கள். ஒரு வீட்டில் மட்டும் ஒரு கிழவியைப் படுக்க வைத்து ஒளித்திருக்கிறார்கள். மாமியாரைப் புரட்டிப் போடும்போது தோன்றியது என்றார், பஸ் நேரம் சொல்வது போல.

உப்பு மலை என்ன ஆகும் என்று சார்லஸ் கேட்டார். ஒரு வாரம் அது, ஒரு வாரம் இது என்றார் ம. அப்படியானால் கமலாவுக்கு மாதத்தில் பாதி ஞாயிறு. அவர் முகத்தில் கணக்குப் போடுவது தெரிந்தது. பிறகு செருப்பைக் கழற்றினார்.

ம. தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டு எங்களோடு தரையில் உட்கார்ந்தார். ஆட்டத்தில் அந்தக் கிழவியின் மகன் அவர். சுற்றி வளைக்கவில்லை கமலா. வாசலில் காவலாளி, உள்ளே அம்மா இருமப் போகிறாள், என்ன செய்கிறீர்கள்?

ம. காவலாளியிடம் பேச்சுக் கொடுப்பேன் என்றார். பை அவரிடம் போயிற்று. எட்டு வருடத்தில் அவர் ஒருமுறைகூட அதில் கை விட்டதில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. கை உள்ளே போனது, வெளியே வரவில்லை.

“எடுங்கண்ணா,” என்றார் கமலா. “அம்மா இருமறாங்க.”