கழுவாத குப்பிகள்

அன்புள்ள சின்னக்குட்டிக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் அவரவர் மாத்திரைகளின் தயவில் நலம், நீ மாத்திரை ஏதுமில்லாமலே நலமாயிருக்க வேண்டும். உன் அண்ணன் புது வீட்டுக்குக் குடிபோய்விட்டான், தண்ணீர் வருவதில்லை என்பதைத் தவிர அங்கே எல்லா வசதியும் இருக்கிறதாம். அப்பாவுக்கு முழங்கால் வலி. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார், இவர் டாக்டர் வீடுவரை நடந்து போய், நடக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டு நடந்தே திரும்பினார்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கால்சியம் பட்டால் மட்டும் ஒன்றுசேர்ந்து கூழாக உறையும்படி நீ வடிவமைத்த பெப்டைடு என்ற புரதத் துணுக்கு கால்சியத்துக்காக உறையவில்லை, பக்கத்து மேசைத் தோழி கலந்து கொடுத்த கரைசலில் அமிலம் கூடிப்போனதால்தான் உறைந்தது என்று இப்போது தெரிந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை கட்டுரை போகிறது. சொன்னால் உன் இரண்டு வருட உழைப்போடு அவள் வேலையும் போகலாம், பேசாமலிருந்தால் யாருக்கும் தெரியாது. கடைசியில், "உனக்கிருந்த தைரியம் எனக்கில்லம்மா" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரிக்குத்தான் இந்தப் பதில்.

எங்கள் ஆய்வகம் இரண்டாம் மாடியில் இருந்தது. சாத்தவே முடியாத ஒரு ஜன்னல், அதன் கீழே என் மேசை. நான் கோத்த பெப்டைடுகள் தண்ணீரில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கும், உப்பைப் போட்டதும் பகை மறந்து கைகோத்து நாராகும், நார்கள் பின்னித் தண்ணீரையே பிடித்து நிறுத்திவிடும். நம் சொந்தக்காரர்களிடம் இதுவரை எந்த உப்பும் இப்படி வேலை செய்ததில்லை. குப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்ப்போம், ஒழுகினால் தண்ணீர், ஒழுகாவிட்டால் ஆராய்ச்சி. எனக்கு எட்டு மாதம் ஒரு சொட்டு ஒழுகவில்லை. மேசை மேசையாக எழுந்து வந்து பார்ப்பார்கள். அந்த எட்டு மாதம் நான் தரையில் நடந்ததாக நினைவில்லை.

குப்பிகளைக் கழுவியவர் உன் அப்பா. அப்போது அவர் உனக்கு அப்பா ஆகவில்லை, எனக்கு யாருமே ஆகவில்லை. அமிலத்தில் ஊறவைத்து மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலச வேண்டும் என்பது விதி. தட்டைத் தானே தூக்கிக்கொண்டு மாடியேறி வந்து, என் மேசையில் குப்பிகளை வரிசையாக அடுக்கி, அடுக்கியதை மறுபடி அடுக்குவார். ஒரு தடவை அலசியதோடு சரி, மற்ற இரண்டு அலசலுக்கான நேரம் அங்கேதான் செலவானது என்று பின்னால்தான் தெரிந்தது. தங்கை கல்யாணத்துக்கு அவர் லீவில் போனார், பதிலுக்கு வந்தவர் விதிப்படி அலசினார், அந்த வாரம் அத்தனை குப்பியும் ஒழுகியது. இவர் திரும்பியதும் மறுபடி உறைந்தது. உறைய வைத்தது உப்பல்ல, குப்பியின் சுவரில் ஒட்டியிருந்த அமிலம்.

நான் நேரே எங்கள் ஆய்வகத் தலைவரான பெரியவரிடம் போய் உண்மையைச் சொன்னேன் என்பதுதான் நீ கேட்டு வளர்ந்த கதை. நான் போகவில்லை. பதிமூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. பதினொன்று என்றுதான் முதலில் எழுதினேன், பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்த அப்பா திருத்தினார். பாவம், அவர் வேலை போய்விடுமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் பெயர் போய்விடுமே என்பதைச் சொல்லிக்கொள்ளவில்லை, சொல்லாமலே தெரிந்திருந்தது. ஒருநாள் அவர் கொண்டுவந்த குப்பிகளை மூலையில் நின்று திருட்டுத்தனமாக அலசிக்கொண்டிருந்தேன். "ஏங்க, நான் கழுவினது பத்தலையா?" என்று கேட்டார். அழுதுவிட்டேன், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஈரக் கையோடு பெரியவர் அறைக்குப் போய், "சார், தப்பு அவங்க கணக்குல இல்ல, என் குப்பியில" என்றார். பெரியவர் தலையில் கைவைத்து, "எட்டு மாசமா குப்பியையாய்யா ஆராய்ச்சி பண்ணினோம்?" என்றாராம். இவரைக் கிடங்குக்கு மாற்றினார்கள், எனக்குப் பதவி உயர்வு நின்றது, உப்புக்கு உறையும் பெப்டைடு எனக்குக் கடைசிவரை வாய்க்கவில்லை. உனக்கு ஆறு வயதில் இந்தக் கதையைச் சொன்னது அப்பாதான். "உங்கம்மாதான் தைரியமா போய்ச் சொன்னா" என்றார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன், திருத்தவில்லை, இன்றுவரை.

ஆகவே என் தைரியத்தோடு உன்னை ஒப்பிட்டு வருந்தாதே, அப்படி ஒன்று வீட்டில் இருந்ததில்லை. முதலில் அந்தத் தோழியிடம் சொல். அடுத்தவர் வாயிலிருந்து அவள் கேட்கக்கூடாது. பிறகு உன் பெரியவரிடம் போ, வெள்ளிக்கிழமைக்கு முன்னால் போ. கரைசலைச் சோதித்துப் பார்க்காதது உன் தவறு என்பதையும் சேர்த்துச் சொல். வேளைக்குச் சாப்பிடு, வெறும் வயிற்றில் யாரும் நேர்மையாக இருந்துவிட முடியாது.

வேலை இருந்தாலும் போனாலும் நீ குறையில்லாமல் வாழ்வாய், எங்கள் இருவர் ஆசியும் உனக்கு உண்டு. எதற்கும் நீ வந்தால் தங்க இடம் இருக்கட்டும் என்று மாடி அறையிலிருந்த பழைய பேப்பர்களை எடுத்துப் போட்டுவிட்டோம். மறக்காதே, சொல்லி முடித்ததும் போன் பண்ணு. அப்பாதான் எடுப்பார். என்னைக் கூப்பிடச் சொல்லாதே, அவரிடமே சொல். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா